முன்னால் இரும்பு, உள்ளே ஏர்பேக்: பம்பரை மாற்றினால் என்னென்ன மாறுகிறது?

காட்டுப் பாதைக்கும் மலைப் பாதைக்கும் வண்டியைத் தயார் செய்கிறவர்கள் டயருக்கு அடுத்தபடியாகக் கை வைப்பது முன் பம்பரில்தான். கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பம்பரைக் கழற்றிவிட்டு, கனமான இரும்புத் தகட்டில் செய்த பம்பரைப் பொருத்துகிறார்கள். அதற்கான காரணங்கள் நியாயமானவை. செங்குத்தான மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கு தரையில் இடிக்காது. வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் வைக்க இடம் கிடைக்கும். சேற்றில் புதைந்தால் கயிறு மாட்டி இழுக்க உறுதியான கொக்கி இருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஒரு விலங்கு குறுக்கே பாய்ந்தாலும் ரேடியேட்டர் உடையாமல் ஊர் வந்து சேரலாம். இதையெல்லாம் வீண் பகட்டு என்று தள்ளிவிட முடியாது.

வாங்கும்போது கேட்கப்படும் கேள்விகள்தான் கவலை தருகின்றன. தகடு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை டன் வின்ச் தாங்கும், பவுடர் கோட்டிங்கா சாதாரண பெயின்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். பம்பர் சேசிஸோடு சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மோதலின்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்த அரை அடி நீளம்தான்.

மூடிக்குப் பின்னால் இருப்பது

பிளாஸ்டிக் பம்பர் என்று நாம் சொல்வது வெறும் மேல் மூடி. அதைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரு நுரை அடைப்பு தெரியும். அதற்குப் பின்னால் குறுக்காக ஒரு உலோகச் சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்தைச் சேசிஸின் இரண்டு நீளத் தண்டுகளோடு இணைப்பவை, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு சிறு பெட்டிகள். கிரஷ் பாக்ஸ், கிரஷ் கேன் என்றெல்லாம் இவற்றைச் சொல்வார்கள். தண்டை விட மெல்லிய தகட்டில், பக்கங்களில் மடிப்புக் கோடுகளோ துளைகளோ விட்டுச் செய்திருப்பார்கள். நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு இது.

மெதுவான மோதலில் இந்தப் பெட்டிகள் மட்டும் நசுங்கும், தண்டு நெளியாமல் தப்பிக்கும். வேகம் கூடினால் முதலில் பெட்டி, அப்புறம் தண்டின் முன்பகுதி, அதற்கப்புறம் அடுத்த பகுதி என்று வரிசையாக மடியும். பயணிகள் உட்காரும் கூண்டு மட்டும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். நொறுங்கும் பகுதி என்ற இந்த யோசனைக்கு 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றவர் மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி. 1959இல் வந்த அந்த நிறுவனத்தின் டபிள்யூ111 காரில் அது முதன்முதலாக முழு வடிவம் பெற்றது.

நசுங்கும் நீளத்தின் மதிப்பை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி அசையாத சுவரில் மோதுகிறது. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், வண்டி சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்குக்குச் சற்று மேலான விசையோடு வேகம் இழக்கிறது. நசுங்கும் நீளம் 50 சென்டிமீட்டராகக் குறைந்தால் அது கிட்டத்தட்ட 25 மடங்காக ஏறிவிடும். நிஜ மோதலில் விசை ஒரே சீராக இருக்காது, ஏறி இறங்கும். ஆனாலும் 10 சென்டிமீட்டர் போனால் என்ன ஆகும் என்பது இதிலேயே புரிந்துவிடும். கிரஷ் பாக்ஸைக் கழற்றி வீசிவிட்டு, தடித்த இரும்புப் பட்டையால் பம்பரை நேராகத் தண்டில் போல்ட் போடும்போது பறிபோவது இந்த நீளம்தான்.

மோதலின் நாடி

ஏர்பேக்கை விரியச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டி பொதுவாக முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையோடு தரையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் வேக மாற்றத்தை அளக்கும் நுண் சென்சார்கள் இருக்கும். பல வண்டிகளில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலோ தண்டுகளின் முன்முனையிலோ கூடுதலாக ஒன்றிரண்டு சென்சார்கள் உண்டு. மோதல் தொடங்கி 15 முதல் 30 மில்லி செகண்டுக்குள் இந்தப் பெட்டி முடிவெடுத்தாக வேண்டும். பை முழுதாக விரிய இன்னும் 30 மில்லி செகண்டு வாக்கில் பிடிக்கும். மொத்த மோதலே 100 முதல் 150 மில்லி செகண்டில் முடிந்துவிடும். நாம் ஒரு முறை கண்ணை மூடித் திறக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஸ்பீடாமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் வைத்து இந்த முடிவு எடுக்கப்படுவதில்லை. வேகம் எவ்வளவு சடாரென்று குறைகிறது, அந்தக் குறைவு எத்தனை மில்லி செகண்டு நீடிக்கிறது, மொத்தம் எவ்வளவு வேகம் பறிபோயிருக்கிறது என்று ஒரு கோட்டின் வடிவத்தைப் பெட்டி வாசிக்கிறது. வைத்தியர் நாடி பிடித்து நோயைச் சொல்வது போலத்தான். நாடி வந்து சேரும் வழி, அந்த வண்டியோடு பிறந்த பம்பரும் நசுங்கும் பெட்டிகளும் தண்டுகளும்.

ஒவ்வொரு மாடலுக்கும் தயாரிப்பாளர் இந்த வாசிப்பைத் தனியாகச் சரிசெய்கிறார். சுவரில் நேராக மோதவிடுவார்கள், ஒரு பக்கமாக மோதவிடுவார்கள், கம்பத்தில் மோதவிடுவார்கள். கணினியில் அதைப் போலப் பல மடங்கு பாவனை மோதல்கள் நடக்கும். விரியக் கூடாத தருணங்களையும் இதே அக்கறையோடு சோதிப்பார்கள். நடைபாதைக் கல்லில் ஏறுவது, பள்ளத்தில் விழுவது, அடிப்பாகத்தில் கல் வந்து அடிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ் சொல்லும் பொதுவான அளவுகள் இவை: சீட் பெல்ட் போடாதவருக்கு, அசையாத சுவரில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமான அடியிலேயே முன் ஏர்பேக் விரியும். பெல்ட் போட்டிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அந்த எல்லை 25 கிலோமீட்டர் பக்கம் போகும். இரண்டுக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் சரியாக முடிவெடுக்கும்படிதான் பெட்டியைப் பழக்கியிருக்கிறார்கள். பழக்கியது கம்பெனி பம்பரோடு.

கம்பத்தில் மோதுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வழக்கு. இரண்டு தண்டுகளுக்கும் நடுவே கம்பம் நுழையும்போது, தொடக்கத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வருவது மெலிதான நாடிதான், ஏதோ சின்ன உரசல் போலிருக்கும். கம்பம் உள்ளே போய் இன்ஜினைத் தொடும்போது விசை திடீரென்று எகிறும். அதுவரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். முன்முனையில் தனிச் சென்சார் வைக்கும் வழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போது அங்கே ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை வைத்தால் என்ன நடக்கும்? கம்பத்தின் விசையை அது இரண்டு தண்டுகளுக்கும் பகிர்ந்து, செய்தியைச் சீக்கிரமே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மாறாக, அதைத் தண்டோடு இணைக்கும் பிராக்கெட் வளைந்து, போல்ட் நழுவி, முதல் சில மில்லி செகண்டுகளின் செய்தி மழுங்கியும் போகலாம். எது நடக்கும் என்று பட்டறையில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அனுபவசாலி வெல்டராலும் முடியாது.

முன்கூட்டியே விரிவதும் தாமதமாக விரிவதும்

தேவையில்லாமல் விரிவது முதல் வகைப் பிழை. விறைப்பான இணைப்பு சின்ன இடியைக்கூடக் கூர்மையாக உள்ளே அனுப்பும். கரடுமுரடான பாதையில் மெதுவாகப் போகும்போது மரத்தில் மோதினாலே ஏர்பேக் வெளியே வந்துவிடலாம். செலவோடு முடிகிற விஷயம் என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏர்பேக் விரிந்தவுடன் எரிபொருள் பம்பை நிறுத்திவிடும் வண்டிகள் நிறைய உண்டு. ஸ்டியரிங்கிலிருந்து பை தொங்கும், கூடவே பெல்ட்டும் இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கலாம். ஆளில்லாத இடத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று போட்ட பம்பரே அங்கே சிக்க வைத்துவிடும்.

தாமதமாக விரிவது இரண்டாவது வகை. உயிரைக் குடிப்பது இதுதான், பேச்சில் குறைவாக வருவதும் இதுதான். வண்டி வேகம் இழக்கத் தொடங்கியதும் உள்ளே இருப்பவரின் உடல் பழைய வேகத்திலேயே முன்னால் நகர்கிறது. பை விரிந்து முடித்து, காற்று மெல்ல வெளியேறத் தொடங்கும் நேரத்தில் முகமும் மார்பும் அதில் புதைய வேண்டும். அப்படித்தான் நேரம் குறித்திருக்கிறார்கள். முடிவு 20 மில்லி செகண்டு தள்ளிப்போனால், பை வெளிவரும்போது முகம் ஏற்கனவே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெடித்து வெளிவரும் பை, அந்த நெருக்கத்தில் காப்பாற்றுவதற்குப் பதிலாக அடித்துத் தள்ளும். ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் மார்புக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ சொல்வது இதனால்தான். சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனரும் அதே பெட்டி கொடுக்கும் கட்டளைக்குத்தான் காத்திருக்கிறது. ஆக, முடிவு தாமதமானால் இரண்டு காவலும் சேர்ந்தே தாமதமாகும்.

"பம்பர் மாற்றிய பிறகு ஏர்பேக் லைட் எரியவில்லை, அதனால் எல்லாம் சரி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைகிறது. அந்த நேரத்தில் பெட்டி தன் மின்சுற்றுகளைச் சரிபார்க்கிறது. சென்சார் ஒயர் துண்டித்திருக்கிறதா, பையின் பற்றவைப்பானில் மின்தடை சரியாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியும். முன்னால் தொங்குவது பிளாஸ்டிக்கா, 5 மில்லிமீட்டர் இரும்பா என்பதை அறிய அதற்கு வழியே கிடையாது. தவறான பம்பர் போட்ட வண்டியிலும் விளக்கு ஒழுங்காக அணையும், வருடக்கணக்கில் அணைந்தே இருக்கும்.

ஏர்பேக்குக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால்?

இரும்பு என்பதாலேயே ஒரு பம்பர் தப்பானதாகிவிடாது. ஜீப் ராங்லர் ரூபிகானுக்கு அந்தக் கம்பெனியே இரும்பு பம்பரை விருப்பத் தேர்வாகக் கொடுக்கிறது. கங்காருக்கள் குறுக்கே பாயும் ஆஸ்திரேலியாவில், வண்டியின் முகத்தைக் காக்க முன்னால் பொருத்தும் புல் பார் என்ற உலோகச் சட்டம் அன்றாடத் தேவை. அங்கே நல்ல தயாரிப்பாளர்கள், பம்பருக்கும் தண்டுக்கும் நடுவே மடியும்படி வடிவமைத்த, துளையும் மடிப்பும் விட்ட பிராக்கெட்டுகளை வைக்கிறார்கள். சட்டம் கனமாக இருந்தாலும், அதன் பின்னால் இருப்பது கம்பெனிப் பெட்டி மடிவதைப் போலவே மடிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஏர்பேக்குக்கு ஏற்றதாக இருப்பது ஒரு பம்பரின் தனிக் குணம் கிடையாது. குறிப்பிட்ட பம்பர், குறிப்பிட்ட பிராக்கெட், குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட தயாரிப்பு ஆண்டு என்ற கூட்டணியின் குணம் அது. அதே பெயரில் வரும் வண்டியின் முகத்தை இடையில் மாற்றியிருந்தால், சென்சாரின் இடமோ தண்டின் தகட்டுத் தடிமனோ மாறியிருக்கலாம். பழைய மாடலுக்குச் சோதித்த பம்பர் புதிய மாடலில் போல்ட் துளை வரை கச்சிதமாகப் பொருந்தும். நாடி மட்டும் வேறு.

ஏர்பேக்குக்கு ஏற்றது என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையான வேலை நடந்திருந்தால் அது இப்படி இருக்கும்: கம்பெனி பம்பரோடு ஒரு முறை, புது பம்பரோடு ஒரு முறை, அதே தண்டுகளில் மோதவிட்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். விரியக் கூடாத வேகத்தில் விரியாமலும், விரிய வேண்டிய வேகத்தில் குறித்த நேரத்திலும் விரிகிறதா என்று முழு வண்டியில் பார்ப்பது அதற்கும் மேல். சென்சாரை மறைக்காமல் பொருத்த முடிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதே சொற்களை அட்டையில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே விற்பவரிடம் எந்த மாடலில், எந்த வேகத்தில், எதன் மீது மோதவிட்டுச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம்.

சட்டம் இதில் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியாவில் முன்மோதல் பாதுகாப்புக்கான ஏடிஆர் 69, ஏடிஆர் 73 விதிகளுக்கு உட்பட்ட வண்டியில் போடும் புல் பார், அந்தப் பாதுகாப்பைக் கெடுக்கக் கூடாது. 2002இல் இதற்கென ஏஎஸ் 4876 என்ற தர வரையறையும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கொண்டுவந்த உத்தரவு பாதசாரியின் தலையையும் காலையும் மனதில் வைத்தது. அந்தச் சோதனையில் தேற முடியாத விறைப்பான இரும்புக் குழாய்களுக்கு அங்கே கதவு மூடியது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி, புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அமெரிக்காவில் கதையே வேறு. பம்பருக்கான கூட்டாட்சித் தர விதி பயணிகள் கார்களுக்குத்தான், எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் கிடையாது. ஆனால் வண்டியின் பாதுகாப்பு உறுப்பு எதையும் தெரிந்தே செயலிழக்கச் செய்யக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்தின் 30122ஆவது பிரிவு தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் கடை ஆகியோரைக் கட்டுப்படுத்துகிறது. உரிமையாளர் தன் வீட்டில் தானே மாற்றிக்கொண்டால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. மோதலின் விதிக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

இன்னும் சில இடங்கள்

டயருக்கு இடம் விட வேண்டும் என்று இரு முனைகளையும் வெட்டிக் குட்டையாக்கிய பம்பர்கள் ஆஃப்-ரோடுக்காரர்களிடம் பிரபலம். 2012இல் ஐஐஹெச்எஸ் ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி முகத்தின் 25 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடுவது அது. அந்த மோதலில் விசை தண்டைத் தொடாமல் நேராகச் சக்கரத்துக்கும் கதவுத் தூணுக்கும் போகிறது. அதைச் சமாளிக்கப் பல தயாரிப்பாளர்கள் குறுக்குச் சட்டத்தை ஓரம் வரை நீட்டினார்கள், சிலர் தண்டின் பக்கத்தில் கூடுதல் இரும்பு வைத்தார்கள். குட்டைப் பம்பர் பொருத்தும்போது இவற்றை அறுத்து எடுப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. எந்தத் துண்டை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் கட்டிங் வீலை எடுக்கக் கூடாது. சில உயரமான வண்டிகளில் தண்டுக்குக் கீழே தாழ்வாக ஒரு சட்டம் இருக்கும். எதிரே வரும் சிறிய காரின் மேல் ஏறிவிடாமல் அதன் நொறுங்கும் பகுதியோடு சமமாக மோதுவதற்காக வைத்தது அது. மேட்டில் இடிக்கிறது என்று அதையும் கழற்றுகிறார்கள். அதற்கான விலையைக் கொடுப்பது எதிரே வரும் காரில் இருப்பவர்.

பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன் அச்சுக்கும் முன்னால் 80, 100 கிலோ கூடிவிடுவது எளிது. பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாவற்றையும் அது பாதிக்கும். ஆனால் ஏர்பேக் முடிவைப் பொறுத்தவரை, இரண்டு டன் வண்டியில் அந்த எடை செய்யும் மாற்றத்தை விட இணைப்பின் விறைப்பு செய்யும் மாற்றம்தான் பெரிது என்பது என் கணிப்பு. எடையைக் குறைக்க அலுமினியம் வாங்கிவிட்டு, பிராக்கெட்டைக் கவனிக்காமல் விடுவதில் பெரிய லாபம் இல்லை.

மலைச்சரிவில் வண்டி பக்கவாட்டில் சாயும்போது பக்கத் திரை ஏர்பேக் விரிந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. உருளுதலை உணரும் சென்சார் உள்ள வண்டிகளில் அந்தப் பயத்துக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் டொயோட்டாவின் சில வண்டிகளில் அதைத் தற்காலிகமாக நிறுத்த தனிப் பொத்தானே இருக்கிறது. இதற்கும் முன் பம்பருக்கும் சம்பந்தமில்லை.

தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள வண்டி என்றால், முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடாரையும் பார்க்க வேண்டும். ரேடார் பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பார்க்கும், இரும்பை ஊடுருவாது. அதை இடம் மாற்றி வைக்கும்போது 1 டிகிரி கோணம் பிசகினால், 100 மீட்டர் தூரத்தில் அது பார்க்கும் இடம் ஏறக்குறைய 1.75 மீட்டர் விலகிவிடும். பக்கத்துத் தடத்தில் போகும் வண்டியைத் தன் எதிரே போவதாக எடுத்துக்கொள்ள அது தாராளம். இடம் மாறிய ரேடாரை மறுபடி அளவு திருத்தாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

பொருத்தும் வேலை நடக்கும்போது பேட்டரியைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சுற்று, அதை டெஸ்டர் விளக்கால் குத்திப் பார்க்கக் கூடாது. முன் சென்சாரை அதன் பழைய இடத்தில், பழைய திசையில், கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் பூட்ட வேண்டும். இடிக்கிறது என்று அதைத் திருப்பிப் போடுவதும், ஜிப் டை போட்டுக் கட்டுவதும், பெட்டியின் ஒரு கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். பிராக்கெட்டைத் தண்டோடு வெல்டிங் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மடிய வேண்டிய இடத்தில் வெல்டிங் வைத்தால் உலோகத்தின் குணம் மாறிவிடும், மடிப்பு வரிசையும் கெட்டுப்போகும்.

ஏற்கனவே பம்பர் மாற்றிய பழைய வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், டார்ச்சோடு குனிந்து தண்டின் முனையைப் பாருங்கள். அங்கே மடியும் பெட்டியோ மடிப்பு விட்ட பிராக்கெட்டோ இருக்கிறதா, வெறும் கனத்த பட்டை இருக்கிறதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டை மட்டும் இருந்தால், கழற்றிய கம்பெனிச் சட்டமும் பெட்டிகளும் எங்கே என்று விற்பவரிடம் கேட்டு, விலை பேசும்போதே அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மடியும் பிராக்கெட் இருந்தாலும் அதில் சுருக்கமோ, மடிப்புக் கோட்டில் பெயின்ட் உதிர்ந்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒரு மோதலை ஏற்கனவே வாங்கிவிட்டது. சுத்தியலால் நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தும் உறுப்பு அது கிடையாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.